கையெழுத்து சரி, கணக்கு எங்கே?

கேள்வி:

வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். இளவயதில் அமெரிக்க வெள்ளைக்காரப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி மேல் பைத்தியம். அவருடைய பழைய எல்பி ஒன்று இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த மகளிடம் அதை எடுத்துக் காட்டினால், “அப்பா, இது திருட்டுச் சொத்து” என்கிறாள். கறுப்பினக் கலைஞர்கள் எழுதிய பாட்டை வைத்து மற்றவர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள், எழுதியவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள் என்பது அவள் வாதம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்களா, இல்லையா? போட்டிருந்தால் அது வியாபாரம், திருட்டு இல்லை. “படிக்கத் தெரியாதவர்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்” என்கிறாள். வெள்ளைக்காரப் பாடகர்களும்தானே ஏமாந்தார்கள், இதில் நிறம் எங்கே வந்தது? பண்டிகை நாள் அதுவுமாக இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம். ராயல்டி கணக்குகளைத் தணிக்கை செய்வது உங்கள் தொழில் என்பதால் கேட்கிறேன். யார் சொல்வது சரி? இனி அந்த ரெக்கார்டை நான் கேட்கலாமா, கூடாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சார்,

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்லும் காரணம் பாதிதான் சரி. நீங்கள் இருவருமே கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நீங்கள் வங்கிக்காரர், உங்களுக்குத் தெரியாததா? கடன் பத்திரத்தில் கையெழுத்து விழுகிற அன்றோடு கதை முடிந்துவிடுகிறதா? அன்றைக்குத்தானே லெட்ஜரே திறக்கிறது? கறுப்பினக் கலைஞர்களின் பணம் பெரும்பாலும் போன இடம் அந்த லெட்ஜர்தான். கையெழுத்து வாங்கியது ஒரு நாள் வேலை. கணக்கு எழுதியது முப்பது, நாற்பது வருட வேலை.

உங்கள் எல்விஸிடமிருந்தே தொடங்குவோம். 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டில் ஒரு பக்கம் ‘தட்ஸ் ஆல் ரைட்’. அதை எழுதி, 1946லேயே பாடிப் பதிவு செய்தவர் ஆர்தர் க்ரூடப். எல்லோரும் ‘பிக் பாய்’ என்பார்கள். மிசிசிப்பி மாநிலத்துக் கூலித் தொழிலாளி. பிழைப்புக்காக சிகாகோ வந்து, ரயில் மேம்பாலத்துக்கு அடியில் மரப்பெட்டியில் படுத்துக்கொண்டு, தெருவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவரை லெஸ்டர் மெல்ரோஸ் என்பவர் பார்த்துப் பிடித்துக்கொண்டார். மெல்ரோஸ் அந்தக் காலத்து ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) உலகின் பெரிய தரகர். கலைஞர்களோடு தானே ஒப்பந்தம் போட்டுக்கொள்வார், பாட்டின் உரிமையைத் தன் பக்கம் எழுதி வாங்கிக்கொள்வார், பிறகு பெரிய ரெக்கார்ட் கம்பெனிகளுக்குப் பாட வைப்பார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்விஸின் அந்த முதல் தட்டில் க்ரூடப்பின் பெயர் அச்சாகியிருக்கிறது. யாரும் ஒளிக்கவில்லை. க்ரூடப்பைக் கேட்டு வளர்ந்ததை எல்விஸும் வெளிப்படையாகவே சொன்னார். ஆக, ஒப்பந்தம் இருந்தது, கையெழுத்து இருந்தது, பெயரும் இருந்தது. பணம் மட்டும் போய்ச் சேரவில்லை. தட்டு விற்கிறது, தனக்கு ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் க்ரூடப் 1950களில் வெறுத்துப்போய்ப் பாடுவதை நிறுத்திவிட்டார். எல்விஸ் உலகப் புகழ் பெற்ற வருடங்களில் இவர் விர்ஜீனியாவில் பண்ணை வேலை செய்துகொண்டிருந்தார்.

1960களின் கடைசியில் டிக் வாட்டர்மன் என்ற மேலாளர் இவருக்காகக் கணக்குக் கேட்கத் தொடங்கினார். பாட்டின் உரிமை அப்போது ஹில் அண்ட் ரேஞ்ச் என்ற இசைப் பதிப்பகத்திடம் இருந்தது. பேசிப் பேசி 60,000 டாலர் என்று முடிவானது. 1971ல் க்ரூடப் தன் பிள்ளைகளோடு விர்ஜீனியாவிலிருந்து காரில் நியூயார்க் வந்தார். நீட்டிய காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். வக்கீல் அவற்றை எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்பின் கையெழுத்துக்காகப் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர்கள் போட மாட்டார்களாம். வழக்குப் போட்டு ஜெயித்தால்கூட இவ்வளவு கொடுக்க வேண்டியிருக்காது, பேச்சிலேயே எதற்கு இவ்வளவு கொடுப்பது என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு.

கையெழுத்து கையெழுத்து என்கிறீர்களே சார், அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர் க்ரூடப் மட்டும்தான்.

அவர் யார் மேலும் கோபப்படவில்லை. ஏழையாகப் பிறந்தேன், ஏழையாகவே போவேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். 1974ல் இறந்துபோனார். அதற்கப்புறம் பணம் வந்தது. எப்படி வந்தது என்பதை நீங்கள் ரசிப்பீர்கள். ஹில் அண்ட் ரேஞ்சின் பாட்டுச் சொத்தை சேப்பல் என்ற பெரிய பதிப்பகம் வாங்க வந்தது. சொத்து கைமாறும்போது வில்லங்கம் பார்ப்பார்கள் அல்லவா? க்ரூடப் குடும்பத்தின் உரிமைக் கோரிக்கை அங்கே வில்லங்கமாக நின்றது. அதை வைத்துக்கொண்டு யார் பணத்தை எண்ணி வைப்பார்கள்? முதலில் தீர்த்தாக வேண்டும் என்றானது. குடும்பத்துக்கு வந்த முதல் காசோலையே இரண்டு லட்சம் டாலருக்கு மேல். முப்பது வருடம் யாருக்கும் உறுத்தாத விஷயம், வில்லங்கம் என்றதும் சில மாதங்களில் தீர்ந்தது.

இந்த மாதிரிக் கணக்குக்கு ஒரு பூர்வகதை உண்டு. மிசிசிப்பியில் அடிமைமுறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் பெரும்பாலும் பண்ணையார் நிலத்தில், விளைச்சலில் பங்கு என்ற வார முறையில்தான் பயிர் செய்தார்கள். விதை, ஏர், மாவு, துணி எல்லாம் பண்ணையார் கடையிலேயே கடனுக்கு எடுக்க வேண்டும். பருத்தி எடை போட்ட பிறகு வருடக் கடைசியில் ‘கணக்குத் தீர்க்கும்’ நாள் ஒன்று வரும். புத்தகம் பண்ணையார் கையில். அவர் பார்த்துச் சொல்வார்: இந்த வருடமும் நீதான் எனக்குத் தரணும். எதிர்த்துக் கேட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத ஊர் அது. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் அங்கே ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1943ல் அங்கிருந்து சிகாகோ வந்து, செஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் முதல் நட்சத்திரம் ஆனார். அந்தக் கம்பெனியில் ராயல்டி பற்றிப் பேச்சு எடுத்தால் புத்தம்புது காடிலாக் கார் வரும் என்பது பிரசித்தம். காரின் விலை யார் கணக்கில் பற்று எழுதப்பட்டது என்பது காரில் உட்காரும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. அவரும் பாடலாசிரியர் வில்லி டிக்ஸனும் 1970களில் செஸ்ஸின் பதிப்பகத்தின் மேல் வழக்குப் போட்டுத்தான் உரிமைகளைத் திரும்பப் பெற முடிந்தது. மண் மாறியது, புத்தகம் வைத்திருக்கிற முறை மாறவில்லை.

சரி, லெட்ஜரில் அப்படி என்னதான் எழுதுவார்கள்? ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தட்டின் விலை ஒரு டாலர், பாடகருக்கு ராயல்டி 5 சதவீதம் என்று வையுங்கள். ஒரு தட்டுக்கு 5 செண்ட். உடனே அதில் பத்தில் ஒரு பங்கு ‘உடைசல் கழிவு’ என்று போய்விடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய அரக்குத் தட்டுகள் லாரியில் போகும்போது நிஜமாகவே உடையும், அதற்காக வந்த கழிவு அது. வினைல் வந்தது, கழிவு போகவில்லை. சிடி வந்தது, அப்போதும் பல ஒப்பந்தங்களில் இருந்தது. கணினியில் இறக்கிக்கொள்ளும் பாட்டுக்குக்கூட இப்படிப்பட்ட கழிவுகளைப் பிடித்ததாக வழக்குகள் நடந்திருக்கின்றன. காற்றில் வருகிற பாட்டு எங்கே விழுந்து உடைந்ததோ!

மிச்சம் நாலரை செண்ட். இப்போது பதிவுக்கூட வாடகை, வாத்தியக்காரர் சம்பளம் என்று 2,000 டாலர் செலவு என்று வையுங்கள். அது பாடகருக்குக் கொடுத்த முன்பணமாகவே எழுதப்படும், அவருடைய ராயல்டியிலிருந்து கழியும். 44,000 தட்டுகளுக்கு மேல் விற்ற பிறகுதான் அவர் கையில் முதல் செண்ட் விழும். கம்பெனிக்கோ முதல் தட்டு விற்றதிலிருந்தே வரவு. அதற்குள் அடுத்த பதிவு வந்துவிடும், அதன் செலவும் இதே கணக்கில் ஏறும். எல்லாக் கடனும் அடைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மூலப் பதிவு யாருக்குச் சொந்தம்? கம்பெனிக்கு. அதாவது, வீட்டுக்கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடித்த பிறகும் பத்திரம் வங்கியிலேயே இருக்கும். உங்கள் கிளையில் அப்படி ஒரு ஷரத்தோடு யாராவது கடன் கொடுத்திருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?

ரூத் பிரவுன் கதை இந்த லெட்ஜருக்கு நல்ல உதாரணம். 1950களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர். ‘ரூத் கட்டிய வீடு’ என்றே அந்தக் கம்பெனிக்குப் பட்டப்பெயர் உண்டு. மவுசு குறைந்த பிறகு வீட்டு வேலை செய்தார், பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். பாட்டு மட்டும் தொகுப்புகளில் விற்றுக்கொண்டே இருந்தது. ராயல்டி பற்றி விசாரித்தால், நீங்கள்தான் எங்களுக்குப் பாக்கி என்ற பதில். பழைய பதிவுச் செலவு அப்படியே நிற்கிறதாம். 1980களில் ஹவல் பெகல் என்ற வாஷிங்டன் வக்கீல், இவருடைய ரசிகர், இந்தக் கணக்கைக் கையில் எடுத்தார். இப்படிப் பாக்கிக்காரர்களாக நின்றவர்கள் இன்னும் பலர் என்பது அப்புறம்தான் வெளியே தெரிந்தது. விஷயம் பத்திரிகைகளில் அடிபட்டது. கடைசியில் 1988ல், தன் நாற்பதாம் ஆண்டு விழா சமயத்தில், அட்லாண்டிக் பழைய கலைஞர்கள் பலரின் பாக்கியைத் தள்ளுபடி செய்து கணக்கைத் திருத்தியது. முதுமையில் கஷ்டப்படும் பாடகர்களுக்காக ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை தொடங்கவும் பணம் கொடுத்தது. அடுத்த வருடமே ரூத் பிரவுன் பிராட்வே மேடையில் டோனி விருது வாங்கினார், அது தனிக் கதை.

நீங்கள் கேட்கலாம்: கணக்கில் சந்தேகம் இருந்தால் தணிக்கை கேட்டிருக்கலாமே? கேட்கலாம், ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்கும். ஆனால் சொந்தச் செலவில் ஆடிட்டரை வைத்து, பெரும்பாலும் ஓரிரண்டு வருடக் கெடுவுக்குள் கேட்க வேண்டும். கெடு தாண்டினால் கம்பெனி எழுதியதே வேதவாக்கு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு ராயல்டி அறிக்கை வந்தது. நூறு பக்கத்துக்கு மேல். பாட்டுக்கு ஒரு வரி, நாட்டுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகைக்கு முன்னால் சின்னதாக ஒரு கழித்தல் குறி. கட்சிக்காரர் அதைப் பார்க்கவே இல்லை, தொகை என்றே நினைத்துச் சந்தோஷமாக வந்திருந்தார். நடுவில் ஒரு செலவு இரண்டு முறை பற்றாகியிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. எழுதிக் கேட்டால், கெடு போன மாதமே முடிந்துவிட்டது என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அன்றிலிருந்து எந்த அறிக்கை வந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறேன்.

அடுத்தது உங்களுக்கு நன்றாகவே பழக்கமான சமாசாரம்: பினாமி. ஒரு பாட்டில் எழுதியவர் பங்கு, பாடியவர் பங்கு என்று இரண்டு உண்டு. அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் பாட்டு ஓடினால் பணம் எழுதியவர் பக்கத்துக்குத்தான் போகும், பாடியவருக்கு இன்றுவரை ஒரு செண்ட் கிடையாது. அதனால் ‘எழுதியவர்’ என்ற இடத்தில் பெயர் ஏறினால் அது ஆயுள் முழுக்க வருமானம். விடுவார்களா? சக் பெர்ரியின் முதல் தட்டு ‘மேபலீன்’ 1955ல் வந்தபோது, எழுதியவர்கள் என்று மூன்று பெயர் இருந்தது. ஒருவர் பெர்ரி. இன்னொருவர் ஆலன் ஃப்ரீட், ரேடியோவில் தட்டு சுழற்றுபவர். அவர் பெயர் இருந்தால் பாட்டு அடிக்கடி ஓடும். மூன்றாமவர் ரஸ் ஃப்ராட்டோ, கம்பெனி முதலாளிகளுக்கு வேண்டியவர். பெர்ரியைத் தவிர மற்ற இருவரும் ஒரு வரி எழுதவில்லை. முழு உரிமை பெர்ரிக்குத் திரும்ப 1986 ஆனது. பி.பி. கிங்கின் ஆரம்பகாலத் தட்டுகளில் டாப், ஜோசியா, லிங் என்று சில பெயர்கள் கூட்டாசிரியராக வரும். யாரோ கவிஞர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கம்பெனி முதலாளிகளான பிஹாரி சகோதரர்களின் புனைபெயர்கள். (பெயரைப் பார்த்து நம் பீகாரா என்று கேட்காதீர்கள், அவர்கள் யூத அமெரிக்கர்கள்.) ஹூஸ்டனில் டான் ரோபி என்ற முதலாளி ‘டெட்ரிக் மலோன்’ என்ற பெயரில் ஏராளமான பாட்டுகளுக்கு ஆசிரியர். அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே கிடையாது.

லிட்டில் ரிச்சர்ட் விவகாரம் இன்னும் மட்டம். ‘டூட்டி ஃப்ரூட்டி’யின் பதிப்புரிமை 50 டாலருக்குக் கைமாறியது. விற்கும் தட்டுக்கு அவருக்கு அரை செண்ட். 1984ல் 11 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார், பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரப் பாடகர்களும் ஏமாந்தார்கள் என்பது உண்மை. நான் மேலே சொன்ன லெட்ஜர் எல்லாருக்கும் பொதுவானதுதான். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும்: டான் ரோபி கறுப்பினத்தவர். டெட்ராய்ட்டின் மோட்டவுன் கறுப்பினத்தவர் நடத்திய கம்பெனி. அங்கே பாட்டுக்குப் பாட்டு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் பெயர்கூட அந்தத் தட்டுகளில் வெகுகாலம் வரவில்லை. 1972ல் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்கிறது என்பதை ஸ்டுடியோ கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். டிஎல்சி என்ற பெண்கள் குழுவின் கம்பெனியைத் தொடங்கியவர்களும் கறுப்பினத்தவர்களே. பல லட்சம் பிரதிகள் விற்ற ஆல்பம் கையில் இருக்க, அந்தப் பெண்கள் 1995ல் திவால் மனு போட்டார்கள்.

அப்படியானால் நிறம் எங்கே வந்தது என்றால், கதவுகளில் வந்தது. வெள்ளைக்காரப் பாடகர் ஏமாந்தால் போய்த் தட்டுவதற்குக் கதவுகள் இருந்தன. கறுப்பினக் கலைஞருக்கு அவை சாத்தியிருந்தன. இசைக்கலைஞர் சங்கத்திலேயே பல ஊர்களில் நிறத்துக்கு ஒரு கிளை. சிகாகோவில் இரண்டு கிளைகளும் ஒன்றாக 1966 ஆனது. பாட்டு ஓடினால் பணம் வசூலித்துத் தரும் ஆஸ்கேப் சங்கம் 1914லேயே தொடங்கியது, ஆனால் ப்ளூஸ் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதில் வெகுகாலம் நுழையவே முடியவில்லை. 1920களில் கம்பெனிகள் இவர்கள் தட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனிப் பட்டியலில் போட்டு விற்றன. ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியா கம்பெனியையே தூக்கி நிறுத்தியவர், அவருக்குத் தட்டின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகைதான், ராயல்டி கிடையாது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் ஒரு வெள்ளைக்கார முதலாளியின் மேல் கணக்கு வழக்குப் போட்டு, முழுக்க வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்த ஜூரியின் முன்னால் ஜெயிப்பதை நினைத்துப் பாருங்கள். இதுதான் உங்கள் மகளின் வாதத்தில் நான் திருத்த விரும்பும் இடம். படிக்கத் தெரிந்திருந்தாலும் அவர்கள் ஏமாந்திருப்பார்கள். படித்துவிட்டுப் போய் நிற்க இடம் இல்லை.

எனக்கு எப்போதும் எண்தான் பேச வேண்டும். அதுவும் கிடைத்தது. 2020ல் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்த பிறகு, பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் தான் விலைக்கு வாங்கிய பழைய கம்பெனிகளின் ஒப்பந்தங்களைத் தோண்டிப் பார்த்தது. கறுப்பினத்தவர், மற்றவர் என இரு தரப்புக் கலைஞர்களும் இருந்த 15 பட்டியல்களில் 4ல், கறுப்பினக் கலைஞர்களுக்கு ராயல்டி விகிதம் கணிசமாகக் குறைவு என்று அதுவே அறிவித்தது. வித்தியாசம் 1.1 முதல் 3.4 சதவீதப் புள்ளி. சின்னதாகத் தெரிகிறதா? ராயல்டியே 5 சதவீதமாக இருந்த காலத்தில் 3 புள்ளி என்றால் பாதிக்கு மேல், சார். இந்தத் தொழிலில் எந்தக் கம்பெனியும் தன் பழைய லெட்ஜரைத் தானே திறந்து காட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 2021ல் சோனியும், அடுத்த வருடம் வார்னரும் யுனிவர்சலும் 2000க்கு முன்னால் ஒப்பந்தமான கலைஞர்கள் பலரின் பழைய முன்பணப் பாக்கியைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று அறிவித்தன. வாராக்கடன் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இனிமேல் வரும் வருமானத்துக்குத்தான் அது. பழைய வருடங்களில் போனது போனதுதான்.

கையெழுத்து புனிதம் என்ற உங்கள் கட்சிக்குச் சட்டமே முழுதாகத் துணை வராது. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துப் படைத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. திரும்பக் கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. காரணம் எளிது: பாட்டு எவ்வளவு சம்பாதிக்கும் என்று கையெழுத்துப் போடும் அன்று யாருக்கும் தெரியாது, பேரம் பேசும் பலமும் சமமாக இருக்காது. நம் நாட்டிலும் 2012 திருத்தத்துக்குப் பிறகு சினிமாப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது.

இதைவிடப் பழைய சட்டம் ஒன்று ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது. சாலமன் லிண்டா தென்னாப்பிரிக்காவின் ஜூலு பாடகர், ஜோஹன்னஸ்பர்க்கில் ரெக்கார்ட் கம்பெனியின் கிடங்கில் வேலை செய்தவர். 1939ல் ‘ம்பூபே’ என்று ஒரு பாட்டுப் பாடினார். உரிமையை 10 ஷில்லிங்குக்குக் கொடுத்தார். அதுதான் பிறகு அமெரிக்காவில் ‘த லயன் ஸ்லீப்ஸ் டுனைட்’ ஆகி உலகமெல்லாம் ஓடியது, ‘த லயன் கிங்’ படத்திலும் வந்தது. லிண்டா 1962ல் கையில் காசில்லாமல் இறந்தார், அவர் கல்லறைக்குப் பல வருடம் கல்கூட இல்லை. பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் செல்லுபடியான 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில், படைத்தவர் இறந்து 25 வருடம் ஆனதும் எழுதிக் கொடுத்த உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு ஷரத்து தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பி 2004ல் டிஸ்னி மேல் மகள்கள் வழக்குப் போட்டார்கள். 2006ல் சமரசம் ஆகி, லிண்டாவின் பெயரும் ராயல்டியும் குடும்பத்துக்கு வந்தன.

கடைசியாக, ரெக்கார்டைக் கேட்கலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் விட்டால் க்ரூடப் குடும்பத்துக்கு ஒரு லாபமும் இல்லை. இன்று அந்தப் பாட்டு ஓடினால் அவர்கள் பங்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. மகள் கேட்கிற இன்றைய பாடகர்கள் விஷயத்தில், ஸ்ட்ரீமிங்கில் நூறு முறை ஓட்டுவதைவிட, அவர்களே நேரடியாக விற்கும் இடத்தில் ஒரு முறை வாங்குவது கையில் அதிகம் சேர்க்கும். மூத்த ப்ளூஸ் கலைஞர்களுக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் வட கரோலினாவில் மியூசிக் மேக்கர் என்ற அறக்கட்டளை 1994 முதல் அதற்காகவே இயங்குகிறது. வயதானவர்களுக்கு மருந்துச் செலவிலிருந்து இசைப் பதிவு வரை பார்த்துக்கொள்கிறார்கள்.

பொங்கலுக்கு மகள் வந்தால் பீரோவிலிருந்து அந்த எல்பியை எடுங்கள். தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில், பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் எழுதியவர் பெயர் இருக்கும். ‘டோன்ட் பி க்ரூயல்’ அதில் இருந்தால் இரண்டு பெயர் தெரியும்: பிளாக்வெல், பிரெஸ்லி. ஓடிஸ் பிளாக்வெல் ப்ரூக்ளினைச் சேர்ந்த கறுப்பினப் பாடலாசிரியர். பாட்டை எழுதியவர் அவர் ஒருவர்தான். இரண்டாவது பெயர் எதற்கு என்று இப்போது நீங்களே மகளுக்குச் சொல்லலாம்.